கூப்பிட்டுவிட்டுத்தான் மூட வேண்டும்

"அப்பா, ரேடியோவே உள்ள வராதுன்னா, அந்த ரூம்ல pray பண்ணினா சாமிக்கு எப்படிக் கேட்கும்?"

ஆறு வயதில் ஜலஜா கேட்டபோது சுந்தரராமன் சிரித்துவிட்டார்.

1986. பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரில், விமானக் கருவிகளை ரேடியோ அலைகள் குழப்புகின்றனவா என்று அவர் வேலை பார்த்த நிறுவனம் சோதிக்கும் இரும்பு அறை அது. சுவரெங்கும் கூம்பு கூம்பாகக் கறுப்பு நுரை. உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால், கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடுவார்கள்.

மார்ச்சில் ஒருநாள் சுந்தரராமன் கூப்பிடாமல் மூடிவிட்டார். உள்ளே கேபிள் பார்த்துக்கொண்டிருந்த பிச்சுமணி, தலைவலித் தைல வாசனையோடே திரியும் மனிதர், இரண்டு மணி நேரம் அடைபட்டுக் கிடந்தார். ஆனாலும் மேலாளரிடம் பிச்சுமணியே, கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்று சொல்லிவிட்டார்.

"விடுங்கோ சார். உங்களுக்கு கிரீன் கார்டு வர்ற சமயம். நான் ஏசில தூங்கினதா நெனச்சுக்கறேன்."

சுந்தரராமன் நன்றிகூடச் சொல்லவில்லை. மே மாதம் பிச்சுமணி மாரடைப்பில் போய்விட்டார்.

இன்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அறைக்குள் மின்சாரம் துண்டித்து வைத்திருந்த விமான உயரமானியின் முள் மெல்ல ஏறுவதைத் திறந்திருந்த கதவுவழியே பார்த்தார். உள்ளே போய்க் குனிந்தார். பின்னால் கதவு, எந்த அவசரமும் இல்லாமல், கனமாகச் சாத்திக்கொண்டது.

கைப்பிடி அசையவில்லை. குத்தினார், கத்தினார், குரல் உதட்டைத் தாண்டுமுன் நுரை அதைக் குடித்துவிட்டது. தன் இதயம் அடிப்பதும், ரத்தம் காதுக்குள் ஓடுவதும், அவற்றுக்கு அடியில் இன்னொருவர் மூச்சு விடுவதும் கேட்டன.

தைல வாசனை.

முள் ஏறியது. நின்றது.

ஜலஜாவின் கேள்வி நினைவுக்கு வந்தது. கண்ணை மூடி வேண்டினார். கேட்குமா என்று தெரியாமலே வேண்டினார்.

கைப்பிடி இளகியது.

வெளிச்சம். ஒரு கால் வெளியே. ஓடிவிடலாம். கதவை மூடிவிடலாம். தாழ்வாரத்தில் யாருமில்லை, யாரும் கேட்கப்போவதில்லை.

அவர் திரும்பினார்.

"பிச்சுமணி சார்... உள்ள இருக்கீங்களா?"

தூரத்து மூலையில் ஒரு கூம்பு வளைந்தது. யாரோ தடவிக்கொண்டு வருவதுபோல், அடுத்தது. அதற்கடுத்தது.

இரண்டு கைகளாலும் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ சார். மூடலை."

கடைசிக் கூம்பு வளைந்தது. ஈரமான, சில்லிட்ட விரல்கள் ஐந்து, ஒவ்வொன்றாக, அவர் கையின்மேல் படிந்தன.

அவர் கதவை விடவில்லை.