நான்கு வரிச் செய்தி

கல்லாயி ஆற்றங்கரையில், சாமிக்குட்டி முதலாளியின் வீட்டு வாசலில் சதானந்தன் குடையை மடக்கியபோது நடுப்பகல். விடாத மழை. எங்கும் நனைந்த மரத்தூள் வாசம்.

'நாட்டொளி' மாலைப் பத்திரிகையில் நகரத்துப் பெரிய மனிதர்களை நினைவுகூரும் பக்கம் அவருடையது. முதலாளி இறந்து இருபத்தைந்து வருஷம். நாளைய பக்கத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும். கோழிக்கோட்டில் பத்திரிகையில் படம் வராதவன் செத்ததாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

"படம் நம்ம மரம் அறுக்கற மில் ஆபீஸ்ல தொங்குது, சதானந்தேட்டா. நீங்களே எடுத்துக்குங்க. நான் அந்தப் பக்கம் போறதில்ல" என்றாள் முதலாளியின் மருமகள் ரோகிணி.

"ஏன், பாம்பா?"

"பாம்புன்னா அடிச்சிருப்போமே."

அவருக்கும் அங்கே போக மனமில்லைதான். எண்பத்தாறில் அந்த மில்லில் சங்கம் சேர்த்த அப்புட்டியின் வலது கையை முதலாளியின் ஆட்கள் ஓடுகிற ரம்பத்தில் வைத்து அழுத்தினார்கள். ரத்தம் வற்றிச் செத்தவனை ஆற்றில் தள்ளினார்கள். கரையொதுங்கிய பிணத்தைப் பார்த்த முதல் நிருபர் சதானந்தன். அப்புட்டியிடம் எத்தனையோ நாள் பீடி வாங்கிக் குடித்தவர். ஆனால் முதலாளியின் ஆட்கள் பத்திரிகை ஆபீஸ் வாசலிலேயே நின்றார்கள். பயந்து போய் நான்கு வரி எழுதினார்: அடையாளம் தெரியாத ஆண் பிணம், வயது சுமார் முப்பது. அப்புட்டியின் மனைவி, புருஷன் பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று நம்பியே செத்துப்போனாள்.

மில்லுக்குள் மங்கலான வெளிச்சம். மின்சாரம் துண்டித்து ஆறு வருஷம். ரம்பத்தின் பற்களில் துரு ஏறியிருந்தது. சதானந்தன் ரம்பத்தை ஒட்டியிருந்த ஆபீஸ் சுவரிலிருந்து முதலாளியின் படத்தைக் கழற்றினார். பின்னாலிருந்து மரத்தூள் கொட்டியது.

தூள் ஈரமாக இருந்தது. சிவப்பாகவும்.

ரம்பம் சுழலத் தொடங்கியது.

பீடி நாற்றம் வந்தது. யாரோ அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தார்கள். ஆற்றுச் சேற்றின் குளிர். பிடித்தது ஓர் இடது கை. பிடித்தவனுக்கு வலது பக்கம் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"பத்திரிகைக்காரா, என் பேரு என்ன?"

"எனக்கு... எனக்கு ஞாபகமில்ல."

பழகிய பொய் தானாக வாயில் வந்துவிட்டது.

கை ரம்பத்தை நோக்கி இழுபட்டது. சுண்டுவிரல் போனது. எலும்பு அறுபடும் ஓசை காதில் விழுந்த பிறகுதான் வலி வந்தது. முதலாளியின் படத்தில் ரத்தம் தெறித்தது.

"பேரு?"

மோதிரவிரலும் போனது.

"அப்புட்டி! நீ அப்புட்டிடா! விடுடா! எழுதறேன்!"

ரம்பம் நின்றது. பற்களில் துரு அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம், கட்டுப்போட்ட கையோடு ஆபீசுக்கு வந்து, முதலாளிக்கு ஒதுக்கிய பக்கத்தில் சதானந்தன் இடது கையாலேயே தட்டித் தட்டி எழுதினார். கொன்றவர்களின் பெயர், செத்தவனின் பெயர், தன் பெயர்.

ஆசிரியர் குமாரன் தலையில் கைவைத்துக்கொண்டார். "உமக்கென்ன பைத்தியமா ஓய்? அவங்க நம்மளக் கோர்ட்டுக்கு இழுப்பாங்க."

"இழுக்கட்டும். இவன் இழுத்ததை விடவா?"

அந்தக் கையைப் பார்த்த குமாரன் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினார். பத்திரிகை வெளிவந்தது. சதானந்தன் காலையிலேயே கேட்டுவைத்தபடி, சங்கத்துக்காரர்கள் எங்கிருந்தோ அப்புட்டியின் கல்யாணப் படத்தைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருந்தார்கள். முதலாளியின் படம் வரவேண்டிய இடத்தில் அதைப் பார்த்ததும் சதானந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதார். முப்பத்தேழு வருஷ பாரம் இறங்கிவிட்டது. இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார்.

அந்தப் பிரதியைச் சேர்த்து வைக்கப் பழைய இதழ்கள் இருக்கும் அறைக்குப் போனார். மேஜையில் ஒரு தொகுப்பு விரிந்து கிடந்தது. பக்கம் முழுக்க ஈரம். ஐந்து சின்ன விரல்களின் தடம்.

அதன் கீழே அவரே எழுதிய நான்கு வரி: ரயில் பாதையருகே அடையாளம் தெரியாத பெண் பிணம், வயது சுமார் இருபது.

இந்தப் பெண்ணின் பெயர் அவருக்கு நிஜமாகவே தெரியாது. அன்றைக்கு அவர் யாரிடமும் கேட்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. சுவருக்குள்ளிருந்து ரம்பத்தின் ஓசை எழுந்தது.

"பேரு?" என்றது ஒரு பெண்குரல்.

சதானந்தனுக்கு இன்னும் எட்டு விரல்கள் இருந்தன.