கூப்பிட்டால் வராத நாய்

பிற்பகல் 2.15. விறகுக் கொட்டிலுக்குள் அடைபட்ட சூட்டி, கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் குரைத்தது. கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஞானாம்பிகை அதைத் திறந்துவிட்டு அறைக்கு ஓடினாள். அலுமாரி திறந்து கிடந்தது. ஐந்து பவுண் சங்கிலியைக் காணவில்லை.

2.40. அடுத்த வளவுச் சீவரத்தினம் வந்தார். தெற்கே காலிப் பட்டினத்துப் பொலிஸ் ஸ்ரேசனில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1984இல் நெல்லியடியில் களவு போனால், பொலிசுக்கு முதல் அவருக்குத்தான் ஆள் போகும்.

"என்ன நடந்தது?" என்றபடி படியேறினார். சூட்டி ஓடிவந்து அவர் காலடியில் நின்றது.

"உது இப்பிடித்தான் அண்ணை. கூப்பிட்டால் வராது. ஆரும் கதைச்சால் நடுவிலை வந்து நிக்கும்," என்றாள் ஞானாம்பிகை.

போன வருடம் ஊரைவிட்டுப் போன மாத்தறைச் சிங்களப் பேக்கரிக்காரர் விட்டுச்சென்ற நாய் அது. ஞானாம்பிகை வெளியே போனால் அவள் அறைவாசலில் படுத்துவிடும். யார் விரட்டினாலும் கடிக்க வரும். அதை எப்படிக் கொட்டிலுக்குள் கொண்டுபோனார்கள்?

வீட்டில் அந்நேரம் இருந்தவர்கள் மூவர். சமையலுக்கு நிற்கும் சின்னத்தங்கம், ஞானாம்பிகையின் தம்பி சோமசேகரம், முன்னறையில் வாடகைக்கு இருக்கும் அருளம்பலம். பழி சின்னத்தங்கத்தின் மேல் விழுந்திருந்தது. பொழுதுபட முன் சங்கிலி வராவிட்டால் அவள் வெளியேற வேண்டும் என்று ஞானாம்பிகை சொல்லிவிட்டாள்.

சின்னத்தங்கம் அழவில்லை. இரண்டு மணியளவில் கொட்டில் பக்கம் ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டதாம். மெதுவாக, "என்ன, என்ன" என்று மட்டும். யாரோ யாரிடமோ ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்தாளாம்.

மறுபேச்சு ஒன்றும் கேட்கவில்லையா என்றார் சீவரத்தினம். இல்லை என்றாள்.

அவர் நாயைப் பார்த்தார். பிறகு இரண்டு ஆண்களையும் கூப்பிட்டு, சிங்களம் தெரியுமா என்று விசாரித்தார். ஒரு சொல்லும் தெரியாது என்றான் சோமசேகரம். ஆனையிறவைத் தாண்டித் தெற்கே போனதே இல்லை என்றான் அருளம்பலம்.

"வாடிவென்ன," என்றார் சீவரத்தினம் சாதாரணமாக.

சோமசேகரத்துக்கு முகம் சிவந்தது. "ஆரையண்ணை வாடி எண்டுறியள்?"

சூட்டி பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. அருளம்பலமும் பக்கத்துக் கதிரையில் பாதி உட்கார்ந்து, திடுக்கிட்டு எழுந்தான்.

"இருங்கோ எண்டு சொன்னனான்," என்ற சீவரத்தினம் ஞானாம்பிகையிடம் திரும்பினார். "சின்னத்தங்கத்தின்ரை காதிலை விழுந்தது கேள்வியில்லை, பிள்ளை. சிங்களத்திலை 'என்ன' எண்டால் 'வா' எண்டு அர்த்தம்."

அருளம்பலத்தின் கை தானாகவே இடுப்பில் கட்டிய சாரத்தின் மடியைப் பொத்தியது.

"நாய் பேக்கரியிலை படிச்சது. நீர் எங்கை படிச்சனீர், தம்பி?"