வண்டி நிக்காது, வழி விடுங்க

துர்காவின் அப்பா கமலக்கண்ணன் கஞ்சர் இல்லை. பெட்ரோல் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பிடிவாதம். திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது முள் சிவப்பில் கிடந்தாலும், "பாண்டியில வெல கம்மி. எல்லை தாண்டிப் போட்டுக்கலாம்" என்பார்.

பாதி நாள் எல்லைக்கு முன்னாலேயே ஸ்கூட்டர் இருமிவிட்டு அணைந்துபோகும். இறக்கத்தில் உருண்டே பங்க் வரை போக வேண்டும். குறுக்கே யாராவது வந்து பிரேக் பிடித்தால் மீதித் தூரம் தள்ள வேண்டியதுதான். அதனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் துர்காவுக்கு ஒரு வேலை உண்டு. "வண்டி நிக்காது, வழி விடுங்க" என்று கத்துவாள். பதினோரு வயதுக்குள் அதில் கைதேர்ந்துவிட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லாஸ்பேட்டை விமான நிலையச் சுவருக்கு வெளியே இருந்த மைதானத்தில் துர்கா வாலிபால் ஆடிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு குட்டி விமானம் காலையிலிருந்தே வட்டமடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அது இருமியது. பிறகு சத்தமே இல்லை.

அது துர்காவுக்கு நன்றாகத் தெரிந்த இருமல்.

"ஐயோ, பிளேன் மூக்கக் குத்திக்கிட்டு விழுது" என்றான் அணியின் கேப்டன் ராஜ்கமல்.

துர்கா உற்றுப் பார்த்தாள். அது விழவில்லை. ஆடாமல் அசையாமல், நேராக மைதானத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"விழலண்ணா. எஞ்சின் நின்னுடுச்சு. எறக்கத்துல உருட்டிக்கிட்டு வராங்க. நெட்ட அவுத்துடு."

"ரெண்டு பாயிண்ட்தான் பாக்கி..."

"நமக்கு நாளைக்கும் ஆட்டம் இருக்கு. அவங்களுக்கு இந்த ஒரு தடவதான்."

ராஜ்கமல் வலையை நோக்கி ஓடினான். மூங்கில் கம்பங்களைப் பிடுங்கினான். துர்கா வலையைச் சுருட்டி ஓரமாக இழுத்தாள். அதற்குள் பெரியவர்கள் சிலர் நட்ட நடுவில் நின்று செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"வண்டி நிக்காது, வழி விடுங்க!"

அந்தக் குரலுக்கு நெடுஞ்சாலையே ஒதுங்கும். செல்போன்காரர்களும் சுவரோரம் ஓடினார்கள்.

விமானம் வேப்பமரத்தைத் தாண்டி வந்து, தரையைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, வலை இருந்த இடத்தைக் கடந்து ஓடி நின்றது. எவ்வளவு அழகாக இறங்கியது என்று துர்காவால் சொல்லி மாளாது.

உள்ளேயிருந்து இறங்கியவர் பைலட் மேனகா.

"ஏன்க்கா மூக்கக் கீழ எறக்குனீங்க?" என்றாள் துர்கா.

"தூக்கிப் புடிச்சா வேகம் போயிடும். வேகம் போச்சுன்னா அது நம்ம பேச்சக் கேக்காது."

"பயமா இல்லியா?"

"இருந்துது. நடுவுல நெட் தெரிஞ்சுது. ரன்வேக்கு எட்டாது, வேற எடம் தேட ஒயரமும் இல்ல. மறுபடி பாக்கறேன், நெட்டக் காணோம். அப்பதான் மூச்சு வந்துது. யாரு அவுத்தது?"

"துர்காதான். கத்தி எல்லாரையும் ஒதுக்குனதும் இவதான்" என்று ராஜ்கமல் அவளை முன்னால் தள்ளினான். மேனகா அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பெட்ரோல் தீந்துபோச்சாக்கா?"

"சேச்சே. கெளம்பும்போதே பாத்துடுவோம். எஞ்சின்லதான் ஏதோ கோளாறு."

அப்போது வியர்வை வழிய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கமலக்கண்ணன் வந்துசேர்ந்தார்.

"எல்லை பங்க்ல ஒரே கூட்டம்மா. ஊருக்குள்ள போட்டுக்கலாம்னு வந்துட்டேன்."

துர்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். மேனகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமானத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வந்ததும், அவர் நேராகப் போய் ஸ்கூட்டரின் பின்னால் கை வைத்தார்.

"உக்காருங்க சார், பங்க் வரைக்கும் நான் தள்றேன். துர்கா, நீ முன்னால போயி கத்து."