ஒடியாத தகடு

"சனிக்கிழமை அம்மாவ அடக்கம் பண்றோம். அதுக்குள்ள அப்பா எங்க கிடக்காருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

தொலைபேசியில் கெர்லிண்டே அழாத குறைதான். போரில் தொலைந்த சிப்பாய்களைத் தேடித் தருவது ஃபோஸ்காம்பின் தொழில். அவர் கோட்டை மாட்டுவதற்குள், மனைவியின் தங்கை ஹைட்ரூன் காரையே கிளப்பிவிட்டாள். அவளுக்கு எதிலும் அவசரம்.

ஐம்பது தாண்டிய கெர்லிண்டே, அம்மாவின் சமையலறை மேசையில் ஒரு காலித் தகரடப்பாவை வைத்தாள். ஜெர்மன் படையில் இருந்து காணாமல்போன அவளுடைய அப்பா ஹார்ம், ரஷ்யாவில் 1945இல் இறந்ததாக ஊர் நினைவுத்தூணில் பொறித்திருக்கிறது. உடல் கிடைக்கவேயில்லை.

"அப்பா குழியிலேர்ந்து ஒரு பிடி மண்ணு. அம்மா பெட்டியில போட்டனுப்பணும். பாவம், கடைசிவரைக்கும் தனியாவே கிடந்தா."

"அத்தான், ரஷ்யாவுக்கு டிக்கெட் விசாரிச்சுட்டேன்!" என்றாள் ஹைட்ரூன்.

"நீ மொதல்ல கார நேரா நிறுத்தப் பழகு."

சிப்பாய்கள் கழுத்தில் மாட்டும் முட்டை வடிவ அடையாளத் தகடு ஒன்றை கெர்லிண்டே நீட்டினாள். நடுவில் ஒடிப்பதற்கான துளைக்கோடு. இரு பாதியிலும் ஒரே எண். கழுத்துக் கயிறு கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது.

"அம்மாவோட தையல்பெட்டியில அடியில இருந்துச்சு."

ஃபோஸ்காம்ப் சன்னலுக்கு வெளியே பார்த்தார். குளிர்காலத் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் இறந்தோர் ஞாயிறு நெருங்கியதால், ஊர்க் கல்லறைகள் எல்லாம் வழக்கம்போல் ஃபிர் மரக்கிளை போர்த்திக் கிடந்தன. இங்கே தோட்டத்து ஆப்பிள் மரத்தடியிலும் அதே கிளைகள்.

"அது எதுக்கும்மா?"

"வேருக்குக் குளிரும்னு அம்மா வருஷாவருஷம் போடச் சொல்லுவா. எப்பவும் அந்த ஒரு பக்கந்தான், நீளவாக்குல."

"உங்க அம்மா நினைவுத்தூணுக்கு மாலை போட வருவாங்களா?"

"ஒரு தடவகூட வந்ததில்ல. கல்நெஞ்சுக்காரின்னு ஊரே பேசும்."

அவர் மெதுவாகப் பேசினார். "சிப்பாய் செத்தா கீழ்ப்பாதிய ஒடிச்சு அனுப்புவாங்க. மேல்பாதி உடம்போட போகும். இது ஒடியவே இல்ல."

"லீவுல வந்தப்ப கழட்டி வச்சிருப்பார்!" என்றாள் ஹைட்ரூன்.

"உயிரோட இருக்கவன் தலைவழியா கழட்டுவான். இத வெட்டியிருக்கு. தலையத் தூக்க முடியாதவன் கழுத்துலேர்ந்து எடுத்தது. அவர் வீட்டுக்கு வந்துட்டாரும்மா. காயமோ காய்ச்சலோ, இங்கதான் போயிருக்கார். படைய விட்டு வந்தவனுக்கு அப்போ தூக்கு, ஒளிச்சவளுக்கும் ஆபத்து. போர் முடிஞ்சப்புறமும் ஓடுகாலின்னு ஊர் காறித் துப்பும். அதான் வாயே திறக்கல."

"எங்க... எங்க வச்சா?"

"ஆப்பிள் மரத்துக்கு எந்தக் குளிரும்மா? அப்படியே போட்டாலும் சுத்திப் போடணும். ஒரே பக்கம், ஆள் நீளத்துக்கு எதுக்கு?"

கெர்லிண்டே வாய்விட்டு அழுதாள். "ஐயோ, சின்னப் பிள்ளையிலேர்ந்து நாந்தானே கிளை தூக்கிட்டுப் போறேன்! வருஷாவருஷம் என் கையாலதான் அவருக்குப் போர்த்தி விட்டிருக்கேனா?"

டப்பாவை எடுத்துக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினாள். மண்வெட்டியோடு பின்னால் போகப் பார்த்த ஹைட்ரூனை ஃபோஸ்காம்ப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. தோண்டிப் பாக்குறதெல்லாம் அப்புறம்."

கெர்லிண்டே ஒரு கிளையை விலக்கி, கையாலேயே மண்ணை அள்ளி டப்பாவில் போட்டாள். பிறகு அந்தக் கிளையை இழுத்துப் பழையபடி போர்த்திவிட்டாள்.