முதுகு காட்டாத பூதம்

பல் வைத்தியர் ஓடிவந்த ஓட்டத்தைப் பார்த்து, ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய பாவம் அவருக்கே பல்வலியாக வந்துவிட்டது என்றுதான் ஸ்டூடியோக்காரர் நினைத்தார். அவருக்குப் போட்டோ எடுப்பதைவிட, அக்காள் புருஷனோடு துப்பறியப் போவதில்தான் நாட்டம். அந்த அக்காள் புருஷன் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்களை மோப்பம் பிடித்தே ஓய்வு பெற்றவர். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால், ஊரில் அவருக்குப் பெயர் 'நிதானம்'.

"டேப் போச்சு சார்!" என்றார் பல் வைத்தியர்.

"உக்காருங்க. என்ன டேப்?" என்றார் நிதானம்.

'வான்படகு' என்ற விண்வெளித் தொடர், அதன் கதாநாயகர்கள் கிழவர்களான பிறகும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருப்பது. பல் வைத்தியர் அதன் ரசிகர் சங்கத் தலைவர். தொடரிலேயே தலைசிறந்தது என்று சங்கம் கொண்டாடுவது 'பனிக்கோளின் பூதம்' என்ற பழைய பகுதி. அது ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பானது. அதிலும் பூதம் பனிமலை உச்சியில் தனியாக நிற்கும் கட்டத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பிறகு நிலையத்துப் பிரதியும் அழிந்துபோனதால், முடிவு என்னவென்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"போன வாரம் ஒரு பிரதி கிடைச்சது சார். எல்லாரும் சேர்ந்து பாக்கணும்னு நான்கூட போட்டுப் பாக்கல. இன்னிக்கு சாயங்காலம் சங்கமே வருது. பூத வேஷம் போட்டது எங்க மாமனார்தான், ஆனா முடிவை மட்டும் பெத்த பொண்ணுகிட்டகூட சொல்ல மாட்டாரு. படம் முழுக்க முகமூடிங்கறதால பாதிப் பேர் நம்ப மாட்டேங்கறாங்க. இப்ப டேப்பும் இல்லேன்னா, அந்த மனுஷனை வாழ்நாள் பூரா புளுகன்னுதான் சொல்லுவாங்க!"

மூவரும் கிளம்பினார்கள். வீட்டின் முன்பக்கம்தான் ஆஸ்பத்திரி. டேப் இருந்த அலமாரியின் பூட்டு உடையவில்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் இருந்த டேப் பிளேயரின் கடிகாரத்தில் வெறும் சைபர்கள் மின்னிக்கொண்டிருந்தன.

"நேத்து கரண்ட் போச்சா?" என்று கேட்டார் நிதானம்.

"இல்லையே."

அதற்குள் ஸ்டூடியோக்காரர் சங்கச் செயலாளரான தையல்காரரை இழுத்து வந்துவிட்டார். "இவர்தான்! பூதம் சாகும்னு இவர் கட்சி. பறந்து போகும்னு டாக்டர் கட்சி. தோத்தவங்க மீசைய எடுக்கணும்னு பந்தயம். மீசைக்குப் பயந்து திருடிட்டாரு!"

"என் மீசை மேல ஆணையா நான் எடுக்கல!" என்று குதித்தார் தையல்காரர்.

சத்தம் கேட்டு வைத்தியரின் மனைவி வந்தாள். பின்னால், சாயங்காலத்துக்காகக் காலையிலேயே இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்ட மாமனார்.

"விடுங்களேன்," என்றாள் அவள். "ஒரு பச்சை ஜந்து மலை மேல நின்னு தலையக் கழட்டறதப் பாக்க, வேலைவெட்டி இல்லாம இவ்ளோ பேரா?"

நிதானம் எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஸ்டூடியோக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இனி ஒரு தலை உருளும் என்பது அவர் அனுபவம்.

"கரண்ட் போகாமலே கடிகாரம் நின்னிருக்கு. யாரோ பிளேயரைக் கழட்டி எடுத்துட்டுப் போய் மறுபடி மாட்டியிருக்காங்க. வெளியாள்னா டேப்பை மட்டும்தான் எடுத்திருப்பான். அதனால இது வீட்டுக்குள்ளயே நடந்தது. போட்டுப் பாத்துட்டுத்தான் ஒளிச்சிருக்காங்க. பூதம் சாகுமா பறக்குமான்னு மீசைய அடகு வச்சவங்களுக்கே முடிவு தெரியாது. தலையக் கழட்டும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

அவள் முகம் வெளுத்தது. பிறகு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்பாவப் பாத்து நாலு பேர் சிரிக்கக் கூடாதேன்னு முடிவ மட்டும் ஓட்டிப் பாத்தேன். முகமூடியக் கழட்டினா உள்ள வேற ஆளு இருக்கான். நீங்க இல்லப்பா அது! எல்லார் முன்னாலயும் நீங்க தலைகுனியறத நான் எப்படிப்பா பாப்பேன்?"

மாமனார்தான் பேசினார்.

"அம்மாடி, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே. பூத வேஷ மூட்டையச் சுமந்துக்கிட்டு நடக்கறது ஒருத்தன், கடைசில மூஞ்சியக் காட்டறது இன்னொருத்தன். அந்த வேலை அப்படித்தான். மூஞ்சி அந்த அழகனோடது. மிச்சப் பூதம் பூரா நான்தான்."

"சரி, அதுக்கு அத்தாட்சி?" என்று தையல்காரர் மெதுவாகக் கேட்டார்.

"பூதம் எங்கயாவது முதுகக் காட்டுதா?"

"காட்டாது!" என்று துள்ளினார் பல் வைத்தியர். "பிரபஞ்சத்துக்குப் புறமுதுகு காட்டாதேங்கற தத்துவம் அது மாமா. நான் சங்க மலர்ல எழுதியிருக்கேனே!"

"தத்துவமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல மாப்பிள்ளை. முதுகுல ஜிப் பிஞ்சுபோச்சு. திரும்பினா தொலைச்சுடுவேன்னாரு டைரக்டர். ஆனா குகையில ஒரு தடவை கால் இடறித் திரும்பிட்டேன், கண் மூடித் திறக்கற நேரம்தான், அன்னிக்கு யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க. போட்டுப் பாருங்க."

சாயங்காலம் சங்கம் திரண்டது. மகள் துணி அலமாரியிலிருந்து டேப்பை எடுத்து வந்து தானே போட்டாள். குகைக் காட்சி வந்தது. பூதம் இடறியது, ஒரு கணம் திரும்பியது. வாய் பிளந்த ஜிப்புக்குள்ளே மஞ்சள் துணியில் ஊதாப் பூப் போட்ட அரைக்கால் டவுசர் தெரிந்தது.

சங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மகள் மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது எங்க வீட்டு ஜன்னல் திரைத் துணி! மிச்சத்துல எனக்குக் கவுனும் அப்பாவுக்கு டவுசரும் அம்மாதான் தைச்சாங்க. அது எங்க அப்பா! எங்க அப்பாதாங்க அது!"

படத்தில் பூதம் மலையேறியது, முகமூடியைக் கழற்றியது. அந்த அழகனின் முகத்தை ஸ்டூடியோக்காரர்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்வரிசைப் பக்கம் திரும்பி நின்று, இஸ்திரிச் சட்டைக்காரருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.