ஜெயப்ரியாவுக்காகத் திறந்த வழி

பவர்லூம்கள் சாப்பாட்டு வேளைக்கு ஒவ்வொன்றாக அடங்கி, சாயம் காய்ச்சுகிற புளித்த வாடை மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த உச்சி நேரத்தில், ஹேமநாத்தின் கம்ப்யூட்டரில் மனைவி ஜெயப்ரியாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவளுக்குக் கருமாதிகூட இன்னும் ஆகவில்லை.

செய்யாரில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஃபயர்வால் போட்டு எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தார்கள். புருஷனோடு நாலு வார்த்தை பேச விடாத கம்பெனி என்ன கம்பெனியோ! ஆரணிக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் ஹேமநாத் வீட்டிலேயே ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி அமைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பட்டுப்புடவைக் கடையின் இணையதளம். ஃபயர்வாலும் போகட்டும் என்று விட்டுவிடும். வந்தவரை அது சத்தமில்லாமல் உள்ளே இருக்கும் சாட்டுக்குக் கடத்திவிடும். "பாஸ்வேர்டெல்லாம் கேட்டுகினு இருந்தா பேஜாருங்க" என்று அவள் சிணுங்கியதால் அதையும் எடுத்துவிட்டான். அந்த வழியாக யார் வந்தாலும் ஜெயப்ரியா என்றே காட்டும். அவளைத் தவிர யார் வரப்போகிறார்கள்?

வேலை முடிந்து திரும்புகையில் கம்பெனி பஸ் ஏரிக்குள் கவிழ்ந்தது. அதில் வந்த ஒருத்தரும் பிழைக்கவில்லை. அவளை வாசலோடு வைத்து எடுத்துவிட்டார்கள். "வெளிய போன உசுருடா. உள்ள எடுத்தாந்தா ஆவாது" என்று அவன் அண்ணன் தணிகாசலம் வாசலை மறித்து நின்றார். காலைப் பிடித்து அழுதும் கேட்கவில்லை. வாழ்ந்த வீட்டுக்குள் ஒரு நிமிஷம் அவளைக் கிடத்த விடவில்லையே என்பதுதான் ஹேமநாத்துக்கு ஆறவே இல்லை.

"சாப்ட்டீங்களா?"

திரையில் வந்தது. தினமும் அவள் கேட்கிற முதல் கேள்வி. "யாரு?" என்று அடித்தான்.

"நாந்தாங்க. வெளியவே நிக்கிறேன். உள்ள வுட மாட்டேங்கிறாங்க."

அவ்வளவுதான், உடைந்துபோனான். கீபோர்டின் மேல் கவிழ்ந்து குழந்தை மாதிரி அழுதான். பயமும் இருந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, தெருக்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து அடித்தான்.

"வந்துடு கண்ணு."

"வரேங்க."

சேற்று வாடை. கூடவே டீசல் வாடை. நடையில் காலடிச் சத்தம். ஒருத்தியின் காலடி இல்லை. நிறைய. ஈரச் செருப்புகள். சாப்பாட்டு டப்பாக்கள் உரசிக்கொள்கிற சத்தம். ஒருவர் பின் ஒருவராக, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் மாதிரி.

"பிரியா?"

திரும்பிப் பார்க்கத் தைரியம் வராமல் ஜன்னலைப் பார்த்தான்.

வெயிலில் தெரு நடுவே நின்றிருந்தாள் ஜெயப்ரியா. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அழுதுகொண்டே இரண்டு கைகளையும் ஆட்டினாள். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் இல்லீங்க. கதவ மூடுங்க.

எழப் பார்த்தான். முடியவில்லை. தோளில் ஈரக் கைகள். எத்தனை கைகள்!

திரையில், அவள் பெயரில், "எல்லாரும் வந்துட்டோம்."

தெருக்கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது. வெளியே ஜெயப்ரியா ஓடி வந்து கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.