ஐந்தில் ஒரு பங்கு

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குடியிருப்பில், பிள்ளைகள் பல் துலக்கியதும் முதல் வேலையாகக் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் அறிவுச்சில்லில் அன்றைய பாடத்தை ஏற்றிக்கொள்வார்கள். நான்கு நிமிடம்தான். பால் ஆறுவதற்குள் முக்கோணவியல் முடிந்துவிடும். பிறகு பெயருக்குப் பள்ளிக்கூடம் போய்ப் பந்து விளையாடுவார்கள். வகுப்பில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது?

அந்த அமைதிதான் கல்வி ஆய்வாளர் அங்கயற்கண்ணியை உறுத்தியது. கூடிக் கற்கும் குழுக்களைப் பற்றிப் பதினோரு வருடம் ஆராய்ந்தவள் அவள். அவளுடைய யோசனை எளியது. பாடத்தை ஐந்தாக வெட்டி, ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பங்கு ஏற்ற வேண்டும். மற்ற நாலு பங்கு வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்டே ஆகவேண்டும்.

"முழுசா கிடைக்கிறப்போ எதுக்கும்மா துண்டு துண்டா?" என்றார் நிர்வாகக் குழுத் தலைவர் ஞானப்பிரகாசம். "சரி, ஒரு மாசம் பாருங்க. ஒண்ணும் தேறலேன்னா பள்ளிக்கூடத்தைக் கிடங்கா மாத்திடுவோம். இடம் பத்தலை."

முதல் ஐவரில் தன் மகள் தும்பையையே சேர்த்தாள் அங்கயற்கண்ணி. கணவன் பரிதிக்கு மனசே இல்லை. "ஊரான் பிள்ளைகளை வெச்சுப் பாரேன்" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

இருபதாம் நாள் கண்ணாடித் தோட்டத்தில் உருளைக்கிழங்குச் செடிகள் வாடத் தொடங்கின. குடியிருப்பின் பாதிச் சாப்பாடு அது. முழுப்பாடம் ஏற்றிய முப்பது பிள்ளைகளும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வெளிச்சம் போதவில்லை. விளக்குகளைக் கூட்டினார்கள். செடி இன்னும் தொங்கிப்போனது.

அங்கயற்கண்ணியின் ஐவரும் தரையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

"வேர் நுனி கருகியிருக்கு. வெளிச்சம் கொறஞ்சா இப்படி ஆகாது" என்றாள் வேர்ப் பங்கு ஏற்றிய தும்பை.

"அப்போ தண்ணியில மண்ணோட உப்பு கலந்திருக்கணும்" என்றான் நீர்ப் பங்குக்காரன் ஜோயல்.

"வடிகட்டி இருக்கே, அது புடிச்சிடாதா?" என்று மடக்கினாள் தும்பை.

"தலைகீழா மாட்டினா புடிக்காது" என்றாள் இயந்திரப் பங்கு ஏற்றிய ரசியா. "புழுதிப்புயலுக்கு அப்புறம் கழட்டி மாட்டினாங்கல்ல? வாங்க, அம்புக்குறியைப் பார்ப்போம்."

ஐந்து பேரும் ஓடினார்கள். பின்னாலேயே, மூச்சு வாங்க, அங்கயற்கண்ணியும் ஓடினாள். அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வடிகட்டியைத் திருப்பி மாட்டியதும் செடிகள் மெல்ல நிமிர்ந்தன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருட உழைப்பு அவள் கண்ணெதிரே கத்திக்கொண்டும் குதித்துக்கொண்டும் நின்றது.

அடுத்த வாரமே குடியிருப்பு முழுவதும் பங்குப் பாடம் வந்துவிட்டது. வகுப்புகளில் சந்தை இரைச்சல். நடைபாதையில் போகும்போதெல்லாம் அவள் அந்த இரைச்சலை நின்று கேட்டாள். இரண்டு மாதம் அப்படி ஓடியது.

மூன்றாம் மாதம் இரைச்சல் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. ஐந்தைந்து பேராக உட்கார்ந்த பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பிள்ளையை எதைக் கேட்டாலும் பதில் சரியாக வந்தது. சில்லுகளில் கோளாறோ என்று அவள் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கோளாறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தும்பையைத் தேடிக்கொண்டு சமூகக் கூடத்துக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெற்றோர்கள் ஐந்தைந்து பேராக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையின் பங்கைக் கொண்டுவந்து மற்ற நால்வருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் யாரையும் அதிகாரம் செய்யவில்லை, ஒருவரும் ஒதுங்கி உட்காரவில்லை. இத்தனை அருமையான கூட்டுக் குழுவை அவள் தன் ஆய்வில் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

ஒரு வட்டத்தில் பரிதி இருந்தான். அவன் மடியில் தலையைச் சாய்த்து, காதைக் காட்டிக்கொண்டிருந்தாள் தும்பை.

"என்ன பண்றீங்க?" என்றாள் அங்கயற்கண்ணி. "இது என் ஆராய்ச்சி. மொத்தத்தையும் கெடுத்துட்டீங்களே."

"கோவிச்சுக்காதே கயல். எல்லார் வீட்டுலயும் ஏத்துறாங்க. நம்ம பொண்ணு மட்டும் அஞ்சுல ஒரு பங்கோட நின்னா நாளைக்கு என்ன ஆகும்?"

"டாக்டரம்மா" என்றார் அடுத்த வட்டத்திலிருந்து ஞானப்பிரகாசம். அவர் பேத்தியின் காதுக்குப் பின்னாலும் நகல் ஏற்றும் கம்பி செருகியிருந்தது. "நாங்க பக்கத்து வீட்டுக்காரங்களோட இவ்வளவு பேசினதே கிடையாது. உங்க முறைதான் முறை."

அங்கயற்கண்ணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது. ரசியாவின் அம்மா ஐந்தாம் பங்கையும் முடித்துவிட்டு, ரசியாவின் தலையைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தாள். ஜோயலுக்கும் முடிந்துவிட்டது. தும்பையின் கம்பியில், பங்குக்கு ஒன்றாக, மூன்று பச்சை விளக்குகள்தான் எரிந்தன.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"மீதி ரெண்டு பங்கு யாருகிட்ட இருக்கு?"